தொப்பி போட்ட பூசணிக்காய்

நெல்லிவாசல்நாடு
12-8-1982

என்னோடு பேசாவிரதம் இருக்கும் நாத்தனார் பாஞ்சாலைக்கு, மலைமேல் குடியேறிய அண்ணி மங்கம்மாள் எழுதுவது.

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கப்போவதில்லை. என்மேல் கோபமாக இருக்கிறவர்கள் யாருக்கும் உடம்பு கெட்டு நான் பார்த்ததில்லை. அவ்வளவு நல்ல டானிக் அது. உன் அண்ணனையே பாரேன், நான் மலையேறின பிறகு கலசப்பாக்கத்தில் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டாராம். ஜீப் டிரைவர் பாண்டுரங்கன் சொன்னான்.

நீ சிபாரிசு பண்ணி வாங்கிக் கொடுத்த வேலையில் சேர்ந்த அன்றைக்கே, உன் ஆஸ்பத்திரியில் உன் ஆட்கள் முன்னால், உன் டாக்டரம்மா மாதிரி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு "எங்கே என் கண்ணாடி?" என்று தேடிக் காட்டினேன். தப்புதான். ஆனால் அவர் என் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தது என் தப்பா? அவரும் சிரித்துக்கொண்டேதான் போனார். அடுத்த வாரம் ஜீப்பே மூச்சு வாங்குகிற இந்த ஊர்களை எனக்கு ஒதுக்கினார். அந்தச் சிரிப்புக்கு இன்னா அர்த்தம் என்று இங்கே வந்த பிறகுதான் விளங்கியது.

போகட்டும். சத்துமாவு மூட்டை வந்து சேர்ந்தது. கேழ்வரகும் கடலையும் வெல்லமும் சேர்ந்து அது அடிக்கிற வாசனை இருக்கிறதே, நானே ரெண்டு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். ஆராய்ச்சிக்காகத்தான். நாலாம் மாசத்திலிருந்து பிள்ளைத்தாச்சிகள் இதைத் தினம் தின்றால் குறைமாசப் பிரசவம் குறைகிறதா, பிறக்கிற பிள்ளை தேறுகிறதா என்று நீங்கள் கீழே உட்கார்ந்து பார்க்கப்போகிறீர்கள். நல்ல விஷயம். ஆனால் இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? டாக்டரம்மா கொடுத்த படத்தை விரித்துப் பிடித்தேன். பெண்கள் கொட்டாவி விட்டார்கள். இடுப்பில் இருந்த கைக்குழந்தையும் விட்டது.

அப்புறம்தான் என் வித்தையை எடுத்தேன். ஜமுனாமரத்தூர் சந்தையில் நல்ல வெள்ளைப் பூசணிக்காயாக ஒன்று வாங்கி வைத்திருந்தேன். அதற்குத்தான் உடம்பெல்லாம் பவுடர் போட்டாற்போல இருக்குமே! மையால் கண்ணும் மூக்கும் எழுதினேன். உன் வார்டில் குறைமாசக் குழந்தைகளுக்கு நீ பின்னுகிற கம்பளித் தொப்பி ஒன்று என் பையில் இருந்தது. எப்படி வந்தது என்று கேட்காதே. அது காய்க்கு ஏறவே இல்லை. என் முழங்காலில் மாட்டி இழுத்து இழுத்து நீட்டி ஏற்றினேன். மடியில் போட்டுத் தாலாட்டுப் பாடினேன். "இந்த மாவத் தின்னுங்கம்மா, பத்தாம் மாசம் உங்க மடியில இதோ, இம்மாம் பெரிய ராஜா வந்து குந்துவான்!"

நீ பார்த்திருக்கவேண்டும், பாஞ்சாலை. அத்தனை பேரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். ஒரு பெண் சிரிப்புத் தாங்காமல் எழுந்தே ஓடிவிட்டாள். செல்லியம்மாள் தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

செல்லியம்மாள் என்பது மாதையன் பெண்சாதி. அவர்கள் வூட்டு ஓரத்து அறையில்தான் நான் இருக்கிறேன். ஏற்கெனவே ரெண்டு பிரசவம், ரெண்டும் குறைமாசம், ரெண்டும் தங்கவில்லை. இப்போது நாலாம் மாசம். கூட்டம் முடிந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தத் தடவ பாரு, அந்தக் காயி மாதிரி பெத்துப்பே" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். என் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்த நாள் அது.

பதில் போடு. திட்டியாவது போடு.

உன் அண்ணி

*

ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ்
3-9-1982

அண்ணிக்கு,

திட்டி எழுத நேரமில்லை. விஷயங்களை மட்டும் எழுதுகிறேன்.

முதலாவது, தொப்பி. அது வார்டுத் தொப்பி. குறைமாதக் குழந்தையின் தலை ஒரு சாத்துக்குடி அளவுதான் இருக்கும். உடம்புச் சூடு அந்தத் தலை வழியாகத்தான் போய்விடும். அதற்காகப் பின்னியது. துவைத்துத் திருப்பி அனுப்புங்கள்.

இரண்டாவது, உங்கள் ஊர்களிலிருந்து வந்த எடைக் கணக்கைப் பார்த்தேன். பிள்ளைத்தாச்சிகள் யாருக்கும் எடை ஏறவில்லை. மற்ற ஊர்களில் கொஞ்சமாவது ஏறியிருக்கிறது. ஆனால் மாவு தீர்ந்துவிட்டது, இன்னும் அனுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் தின்பதை உங்கள் கண்ணால் பார்த்தீர்களா? வேடிக்கை வேண்டாம். ஆமாம் அல்லது இல்லை.

மூன்றாவது, செல்லியம்மாள். இரண்டு முறை முன்னதாகப் பிறந்திருந்தால் மூன்றாவதும் அப்படி ஆகலாம். பாரம் தூக்க விடாதீர்கள். வயிறு விட்டுவிட்டு இறுகினாலோ, தண்ணீர் கசிந்தாலோ உடனே கீழே அனுப்புங்கள். இங்கே ஓர் ஊசி இருக்கிறது. முன்னதாக வலி வந்த தாய்க்கு அதைப் போட்டால் வயிற்றில் இருக்கும் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிரும். ஆனால் அது வேலை செய்ய நேரம் வேண்டும். பிள்ளை பிறந்த பிறகு வந்தால் பயனில்லை.

அண்ணனுக்கு உடம்பு பெருக்கவில்லை. தானே துணி துவைக்கிறார், சட்டைகள் சுருங்கிவிட்டன.

பாஞ்சாலை

*

நெல்லிவாசல்நாடு
20-9-1982

அன்புள்ள பாஞ்சாலை,

முதலாவது, இரண்டாவது, மூன்றாவது! கடிதம் எழுதச் சொன்னால் மருந்துச் சீட்டு அனுப்புகிறாய். மூன்று வேளை சாப்பாட்டுக்குப் பின் படித்தேன்.

தொப்பி என்னிடம் இல்லை. பெரியம்மாளிடம் இருக்கிறது. செல்லியம்மாளின் மாமியார், இந்தச் சுற்றுவட்டாரத்தில் பிரசவமெல்லாம் அவள் கையில்தான். அன்றைக்குக் காட்சி முடிந்ததும் பூசணிக்காயைத் தொப்பியோடு வாங்கிக்கொண்டு போனாள். குழம்பு வைப்பாள், எனக்கும் ஒரு கரண்டி வரும் என்று காத்திருந்தேன். அவள் அதை ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் பள்ளத்தில் போட்டு உடைத்துவிட்டுத் தலைமுழுகிவிட்டு வந்தாளாம். என் நடிப்புக்குக் கண்ணேறு கழித்திருக்கிறாள்! கலசப்பாக்கத்தில் எவளாவது எனக்காக ஒரு தேங்காய்ச் சில்லு உடைத்திருப்பாளா? தொப்பியைக் கேட்டால் "இருக்கட்டும்" என்கிறாள்.

தின்கிறார்களா என்றால், தின்கிறார்கள். "தின்றோங்க" என்று ஒரே குரலில் சொல்கிறார்கள். செல்லியம்மாள் காலிப் பையை உதறியே காட்டுகிறாள். அவளுக்கு வெட்கம் அதிகம் போல. புடவையை வயிற்றுக்குமேல் இறுக்கி இறுக்கிக் கட்டுகிறாள், ஐந்து மாச வயிறு இருக்கிற இடமே தெரியவில்லை.

மற்றபடி ஊர் செழிப்புத்தான். மாதையனின் காளைகளைச் சொல்லவேண்டும். நான் வந்தபோது விலா எலும்பில் துணி காயப்போடலாம். இப்போது எண்ணெய் தடவினாற்போல மினுமினு என்று இருக்கின்றன. என்னைக் கண்டால் போதும், புடவையை மோந்துகொண்டு பின்னாலேயே வருகின்றன. இந்த வயசில் எனக்கு இப்படி ஒரு கவர்ச்சி! பெண்களும் நான் வருகிற வழியில் ஒதுங்கி நின்றுவிடுகிறார்கள். அத்தனை மரியாதை. உன் அண்ணன் ஒருநாளாவது எனக்கு ஒதுங்கி வழிவிட்டிருக்கிறாரா?

எடை ஏறாததற்குத் தராசைச் சோதிக்கச் சொல். ஜீப்பில் குலுங்கி வந்ததில் அதற்குக் குடல் ஏறியிருக்கும்.

உன் அண்ணி

*

ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ்
11-10-1982

அண்ணி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சிரித்தேன். ஒத்துக்கொள்கிறேன். இரண்டாம் முறை காளைகள் வந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

காளை ஏன் உங்கள் புடவையை மோந்து பார்க்கிறது? மாவு அளந்து கொடுக்கிற கை, மாவு படிந்த புடவை. அந்த வாசனை காளைக்கு எப்படிப் பழக்கமானது?

பிள்ளைத்தாச்சிகள் மாவைத் தொடவே இல்லை என்று நினைக்கிறேன். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. பெரியம்மாளைக் கேளுங்கள். கேட்டுவிட்டு, அண்ணி, அவள் சொல்லி முடிக்கிறவரைக்கும் வாயைத் திறக்காமல் இருங்கள். உங்களுக்கு அது பிரசவ வலியைவிடக் கஷ்டம் என்று தெரியும். இருந்தாலும் இருங்கள்.

டிசம்பரில் டாக்டரம்மா எல்லா ஊர்க் கணக்கையும் கூட்டத்தில் வைத்துப் பார்க்கப்போகிறார். உங்கள் ஊர்களை மாவு தின்ற ஊர்கள் என்று எழுதி வைத்திருக்கிறோம். தின்னாதவர்களைத் தின்றவர்கள் என்று எழுதினால், மாவு தின்றும் பலனில்லை என்று முடிவாகிவிடும். அப்புறம் எந்த மலைக்கும் மாவு போகாது.

பாஞ்சாலை

*

நெல்லிவாசல்நாடு
28-10-1982

பாஞ்சாலை,

கேட்டேன்.

மழை பிடித்துக்கொண்டிருந்தது. பெரியம்மாள் உள்ளே உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய்க் குந்தினேன்.

"யக்கா, மாவு யாரு தின்றாங்க?"

"காளைங்க தின்னுது." மறைக்கக்கூட இல்லை. இவ்வளவு நாளாய் நான் கேட்கவில்லை, அதனால் அவள் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

"ஏன்?"

முறத்தைக் கீழே வைத்தாள். "அன்னிக்கி ஒரு காயி காட்டுனியே. எம்மாம் பெருசு! அது எந்த வழியா வெளிய வரும்னு நீ சொல்லவே இல்லியே தாயி."

எனக்கு நாக்கு நுனியில் ஒரு பதில் வந்தது. எப்போதும் வருமே, அப்படி. நீ எழுதியிருந்தது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன். நல்ல காலம்.

அவளே சொன்னாள். "போன வருசம் சடையன் பொண்டாட்டி. புள்ள பெருசு, வர மாட்டேன்னு நின்னுகிச்சு. கட்டில்ல வெச்சிக் கட்டித் தூக்கிக்கினு எறங்குனாங்க. பாதி மலையிலேயே ரெண்டு உசுரும் போச்சி. நீ பாட்டுப் பாடச்சொல்ல ஒருத்தி எழுந்து ஓடுனாளே, அவ அந்தப் பொண்ணோட தங்கச்சி."

பாஞ்சாலை, சிரிப்புத் தாங்காமல் ஓடினாள் என்று உனக்கு எழுதினேனே, அவள்தான்.

"நாங்க எப்பவுமே அஞ்சாம் மாசத்துக்கு மேல வாயக் கட்டித்தான் தின்னுவோம். புள்ள சிறுசா இருந்தா வழுக்கிக்கினு வந்துரும். நீ வந்து ராஜா வருவான்ற. ராஜா வந்தா தாயி போய்டுவா. நாங்க ராஜாவ வெச்சிக்கினு இன்னா பண்றது?"

"அன்னிக்கி எல்லாரும் சிரிச்சாங்களேக்கா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கிண்டலாகக்கூட இல்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். "யாரு சிரிச்சாங்க?"

வாயில் முந்தானையை வைத்தால் சிரிப்பு, தோள் குலுங்கினால் சிரிப்பு. எனக்குத் தெரிந்த உலகத்தில் மனுஷர்கள் வேறெதற்கும் தோளைக் குலுக்குவதில்லை. செல்லியம்மாள் அழுதுகொண்டிருந்தாள். எழுந்து போய் அவள் கையைப் பிடித்து, "அந்தக் காயி மாதிரி பெத்துப்பே" என்று நான் சொன்னதை இப்போது அவள் காதால் கேட்டுப் பார்க்கிறேன். ரெண்டு பிள்ளையைப் பறிகொடுத்தவளைப் பார்த்து, இந்தத் தடவை நீ போவாய் என்று சொல்லியிருக்கிறேன்.

அந்தக் காயைப் பள்ளத்தில் உடைத்துத் தலைமுழுகினது என் நடிப்புக்குக் கண்ணேறு கழிக்க அல்ல. என்னைக் கழிக்க. ஒதுங்கி வழிவிட்டதும் மரியாதை இல்லை. வயிற்றில் பிள்ளையோடு என் நிழலில் நிற்கப் பயம்.

இன்னும் ஒன்று இருக்கிறது, எழுதக் கை கூசுகிறது. நான் வருவதற்கு முன்னால் செல்லியம்மாள் ரெண்டு வேளை களி தின்றுகொண்டிருந்தாளாம். என் பேச்சைக் கேட்ட பிறகு ஒரு வேளையாகக் குறைத்துவிட்டாள். நான் இந்த மலைக்கே வராமல் இருந்திருந்தால் அவள் வயிற்றில் இன்னும் ஒரு வேளைச் சோறு இருந்திருக்கும். என் சேவையின் பலன் அது.

டாக்டரம்மாவிடம் சொல்லாதே. உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன், நீ சின்னவள் என்றாலும் பரவாயில்லை. தராசு கெட்டுவிட்டது என்று எழுதிவிடுகிறேன். கூட்டத்து அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் வரட்டும். அத்தனை பேர் முன்னால் நான் இதை எந்த முகத்தோடு சொல்லுவேன்?

மங்கம்மாள்

*

ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ்
9-11-1982

அண்ணி,

தராசு கெடவில்லை. உங்களுக்குக் காய்ச்சலும் வராது.

நானாகப் போய் டாக்டரம்மாவிடம் சொல்லமாட்டேன். கேட்டால் மறைக்கவும் மாட்டேன். நீங்கள்தான் சொல்லவேண்டும்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றை நானும் சொல்லிவிடுகிறேன். பேசாவிரதமெல்லாம் உங்களிடம்தான். உங்கள் முதல் கடிதம் வந்த அன்று அதை வார்டில் எல்லோருக்கும் உரக்க வாசித்துக் காட்டினேன், உங்கள் குரலிலேயே. பூசணிக்காய் இடத்தில் டாக்டரம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "உங்க அண்ணிய அங்க போட்டது எவ்வளவு நல்லதாப் போச்சு பாத்தியா? யார் பேச்சையும் கேக்காத ஊருக்குத்தான் அவங்களைத் தேடி அனுப்பினேன்" என்றார். நீங்கள் நினைத்ததுபோல அது தண்டனை இல்லை.

அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் பிரசவம் பார்க்கிறவர்கள். தினமும் பார்க்கிறவர்கள். அந்தக் காய் எந்த வழியாக வரும் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. படத்தில் கொழுகொழு குழந்தையை வரையச் சொன்னதும் நாங்கள்தான். வெட்கப்படுவதாக இருந்தால் கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் விடுங்கள்.

இனிமேல் பெரிய குழந்தை என்ற பேச்சே வேண்டாம். இந்த மாவு குழந்தையைப் பூசணிக்காய் ஆக்கிவிடாது. தாய்க்குத் தெம்பு வரும். பிள்ளை நாளுக்கு முன்னால் வந்துவிடாமல் இருக்க உதவலாம் என்று நம்புகிறோம், நிச்சயமாகத் தெரியாது. தெரியாது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். அப்போது அவர்கள், பிள்ளை வராமல் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். அதற்கு நம்மிடம் இன்று பதில் இல்லை. அந்தப் பதிலைக் கேட்டு வாங்கத்தான் நீங்கள் கூட்டத்துக்கு வரவேண்டும்.

செல்லியம்மாளுக்கு இரண்டாவது வேளைக் களியைத் திரும்ப வாங்கிக் கொடுங்கள். எப்படி என்று எனக்குத் தெரியாது.

பாஞ்சாலை

*

நெல்லிவாசல்நாடு
8-12-1982

பாஞ்சாலை,

வார்டு டூட்டி என்று கூட்டத்துக்கு வராமல் இருந்துவிட்டாய். வேண்டுமென்றே செய்தாய் என்று நினைக்கிறேன். உனக்கு நன்றி. வந்த ஜீப்பிலேயே திரும்ப வேண்டியிருந்தது, உன்னைப் பார்க்க முடியவில்லை. பார்க்கத் தைரியமும் இல்லை.

என் முறை வந்தது. எழுந்து நின்றேன். அதற்குள்ளேயே நாலைந்து பேர் முகத்தில் சிரிப்பு. மங்கம்மா எழுந்தால் ஏதாவது கூத்து இருக்கும். "எங்க ஊர்ல மாவ யாரும் தின்னலீங்க. காளைங்கதான் தின்னுச்சு" என்றேன்.

ஹால் முழுக்கச் சிரிப்பு. ஒருவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். "காளைக்கு எத்தனாவது மாசம்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மற்ற நாளாக இருந்தால் அந்தக் கேள்விக்கு நான் பத்து பதில் சொல்லியிருப்பேன்.

என் ஆயுசுக்கும் நான் ஆசைப்பட்டது இந்தச் சத்தத்துக்குத்தான், பாஞ்சாலை. அன்றைக்கு அது வந்தபோது மேலே சாணி விழுகிற மாதிரி இருந்தது. நின்றுகொண்டே இருந்தேன். ஓய்ந்ததும் மறுபடியும் அதையே சொன்னேன். மறுபடியும் ரெண்டு பேர் சிரித்தார்கள். மூன்றாம் தடவை சொன்னேன். அப்புறம் சடையன் பெண்சாதியின் கட்டிலைச் சொன்னேன். "எந்த வழியா வரும்" என்று பெரியம்மாள் கேட்டதைச் சொன்னேன். நான் தாலாட்டுப் பாடியதையும் சொன்னேன்.

பெரியம்மாள் என்னிடம் சொல்லி அனுப்பியிருந்தாள்: "வண்டி இங்க நிக்கட்டும், நாங்க தின்றோம். வண்டி கீழ நின்னா மாவும் கீழயே இருக்கட்டும்." அதையும் அப்படியே ஒப்பித்தேன்.

டாக்டரம்மா கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் எழுதுவதற்காக மேஜைமேல் கண்ணாடியைத் தேடினார். ஒருவரும் சிரிக்கவில்லை. "நெத்தியில இருக்குதுங்க" என்றேன். எடுத்துப் போட்டுக்கொண்டு என் ஊர்களின் கணக்கை முழுக்க அடித்துவிட்டார். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பாண்டுரங்கன் ஜீப்போடு இங்கேயே தங்கவேண்டும் என்றும் எழுதினார். பாண்டுரங்கன் முகம் போன போக்கைப் பார்த்தும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செல்லியம்மாள் மறுபடி ரெண்டு வேளை தின்கிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் தின்னும்போது அந்தப் பக்கம் போகாமல் இருக்கிறேன். அது ஒன்றுதான் நான் செய்தது.

ஊரில் இப்போது எனக்குப் பெயர் "காயம்மா". முதலில் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருந்தேன். இப்போதெல்லாம் திரும்பிப் பார்க்கிறேன்.

மங்கம்மாள்

*

நெல்லிவாசல்நாடு
17-12-1982
பாண்டுரங்கன் கையில்

பாஞ்சாலை,

ஜீப்பில் செல்லியம்மாள் வருகிறாள். காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது வயிறு இறுகியிருக்கிறது. விட்டுவிட்டு வருகிறது. தண்ணீர் இன்னும் கசியவில்லை. எட்டாம் மாசம் நடக்கிறது. ஊசி, பாஞ்சாலை, அந்த ஊசி. இறங்கின உடனே.

மாதையனும் பெரியம்மாளும் கூட வருகிறார்கள். நானும் ஏறப்போனேன். "நீ வேணாம்" என்றாள் பெரியம்மாள். இறங்கிவிட்டேன்.

மங்கம்மாள்

*

ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ்
30-12-1982

அண்ணி,

பெண் குழந்தை. இன்று வரைக்கும் இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிட்டேன், இனி நிதானமாகப் படியுங்கள்.

ஜீப்பிலிருந்து இறங்கினதும் ஊசி போட்டோம். வலி நல்ல வேளையாக மட்டுப்பட்டது. இரண்டு நாள் கழித்துத்தான் பிறந்தாள். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடுவாள். முதலில் மூச்சு நின்று நின்று வந்தது. இப்போது சீராகிவிட்டது. நேற்றிலிருந்து தானாகவே பால் உறிஞ்சுகிறாள். செல்லியம்மாள் அவளை நெஞ்சோடு நெஞ்சாகப் புடவைக்குள் கட்டி வைத்திருக்கிறாள். நாங்கள் எடை பார்க்கக் கேட்டால்கூடத் தர யோசிக்கிறாள்.

நீங்கள் கேட்கப்போவதை டாக்டரம்மாவிடம் நானே கேட்டுவிட்டேன். அவள் ஒழுங்காகத் தின்றிருந்தால் பிள்ளை நாள் கழித்துப் பிறந்திருக்குமா? "தெரியாது. அதைத் தெரிஞ்சுக்கத்தானே இத்தனையும் ஆரம்பிச்சோம்" என்றார். உங்களை ஆறுதல்படுத்த இதற்குமேல் ஒன்றும் நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் பொய்யாகிவிடும்.

குழந்தைக்கு மூச்சு சீரான அன்று பெரியம்மாள் இடுப்பிலிருந்து எதையோ உருவி என் கையில் கொடுத்தாள். வார்டுத் தொப்பி. "காயிக்குப் போட்டத புள்ளைக்குப் போடு. அதுக்குத்தான் வெச்சிருந்தேன்" என்றாள். போட்டேன். நெற்றியைத் தாண்டி, கண்ணைத் தாண்டி, மோவாய்வரைக்கும் இறங்கிவிட்டது. குழந்தையே காணாமல் போய்விட்டாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அப்போது செல்லியம்மாள் சிரித்தாள், அண்ணி. முந்தானையை வாயில் வைக்கவில்லை, தலையைக் குனியவில்லை. பல்லெல்லாம் தெரிய, சத்தமாக, வலிக்கிற வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்தால் அப்படித்தான் இருக்கும். உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

தொப்பியை இத்துடன் அனுப்புகிறேன். இனி அது எந்தத் தலைக்கும் ஆகாது.

பாஞ்சாலை

*

நெல்லிவாசல்நாடு
19-1-1983

பாஞ்சாலை,

உன் கடிதத்தைப் பெரியம்மாள் ஊர் திரும்புவதற்கு முன்பே பாண்டுரங்கன் கொண்டுவந்து கொடுத்தான். செல்லியம்மாள் சிரித்த இடத்தை மட்டும் தனியாக எத்தனை தடவை படித்தேன் என்று சொல்லமாட்டேன். அதுவும் ஒரு பெருமையாகிவிடும்.

தொப்பியை முழங்காலில் வைத்துப் பார்த்தேன். என் முழங்காலின் அச்சு அப்படியே இருந்தது. பிரித்துவிட்டேன்.

பிரித்துக்கொண்டிருக்கும்போது, அன்றைக்கு எழுந்து ஓடினாளே, சடையனின் மைத்துனி, அவள் வாசலில் வந்து நின்றாள். இப்போது அவளுக்கும் நாலாம் மாசம். உள்ளே வரவில்லை. ஆனால் ஒதுங்கியும் போகவில்லை.

"இன்னா பண்ற காயம்மா?"

"பெருசாக்கி வெச்சிட்டேன். சின்னதாக்கணும்."

"உனக்குப் பின்ன வருமா?"

"வராது."

ஜீப் நிற்கிற பக்கம் பார்த்தாள். "வண்டி நெசமாவே இங்கதான் நிக்குமா?" என்று கேட்டாள். ஜீப்பைக் கையால் காட்டினேன். பாண்டுரங்கன் அதற்குள் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். பத்து விதமாகச் சொல்லியிருக்கலாம் அதை. "நிக்கும்" என்றேன். மாவுப் பையை எடுத்துக்கொண்டு போனாள். தின்பாளோ, காளைக்குப் போடுவாளோ, நான் போய்ப் பார்க்கப்போவதில்லை. கேட்பேன். சொன்னால் கேட்டுக்கொள்வேன்.

பிரித்த நூல் சுருண்டு சுருண்டு நிற்கிறது, நேராக வரமாட்டேன் என்கிறது. பின்னுகிற ஊசி ரெண்டு பாண்டுரங்கனிடம் கொடுத்தனுப்பு. முதல் சுற்றுக்கு எத்தனை பின்னல் போடவேண்டும் என்று எழுது. சாத்துக்குடி அளவு என்று எழுதியிருந்தாய். அந்த அளவுக்கு.

மங்கம்மாள்